சாய்தாய்ஜி ஜங்ஷன்: இவ்வளவு வண்டி ஓடும் இடத்தில் ஏன் இன்னும் ஒரு மேம்பாலம் இல்லை?

#1 கீழ்வானம்

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானில், கோபே நகரில் வேலை எனக்கு. ஊரிலிருந்து யார் வந்தாலும் நாராவில் மானையும் பெரிய புத்தரையும் காட்டிக் கூட்டி வரும் பொறுப்பு என் தலையில்தான் விழும். 2009 மார்ச்சில் ஹான்ஷின் நம்பா ரயில் பாதை திறந்ததிலிருந்து கோபே-சன்னோமியாவில் ஏறினால் வண்டி மாறாமலே நாராவில் இறங்கலாம். வசதிதான். ஆனால் நாராவுக்கு 4.4 கிலோமீட்டர் முன்னால் யமாட்டோ-சாய்தாய்ஜி என்று ஒரு நிலையம் வருகிறதே, கேள்வி அதைப் பற்றி.

மாடியில், டிக்கெட் கேட்டுக்கு உட்புறமே ஒரு கடைத்தெரு இருக்கிறது. அதன் ஓரத்தில் தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒரு பார்வைத் தளம். அங்கே நின்றால் ஒசாகா, கியோட்டோ, நாரா, காஷிஹாரா என்று நாலு பக்கத்து வண்டியும் ஒரே தரையில் ஒன்றின் வழியை ஒன்று வெட்டிக்கொண்டு போவது தெரியும். ஒன்று ஊர்ந்து போனால்தான் இன்னொன்று கிளம்புகிறது. ஷின்கான்சென் புல்லட் ரயில் ஓட்டும் நாட்டில், ஒசாகாவிலிருந்து அரை மணி தூரத்தில், இந்த முடிச்சுக்கு ஒரு மேம்பாலம் போட முடியாதா? காசு இல்லையா, மனசு இல்லையா?

#2 பெட்டிக்கடை

அந்தத் தளத்திலிருந்து பிள்ளைகளைக் கிளப்பவே முடியாது சார். பிள்ளைகளை விடுங்கள், அப்பாக்களையே கிளப்ப முடியாது. பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது. இழையில் துண்டு போட்டு வைக்கிறேன்.

#3 கேபின்மேன்

நல்ல கேள்வி தம்பி. சிக்னல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், மகள் வீட்டுக்கு ஒசாகா வந்தபோது இந்த இடத்தை ஆசை தீரப் பார்த்திருக்கிறேன். முதலில் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் மேம்பாலத்துக்கு வரலாம்.

மூன்று தீவு பிளாட்பாரம் (இரண்டு பக்கமும் வண்டி நிற்பவை), ஐந்து தடம். மேற்கு முனையில் இரண்டு பாதைகள் வந்து சேர்கின்றன: ஒசாகா பாதை நேராக மேற்கிலிருந்து, கியோட்டோ பாதை வடக்கிலிருந்து வளைந்து. கிழக்கு முனையில் இரண்டு பாதைகள் பிரிகின்றன: ஒன்று நேரே நாராவுக்கு, இன்னொன்று தெற்கே திரும்பி காஷிஹாராவுக்கு. ஜப்பானில் நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம். கிழக்கே போகும் வண்டிகள் ஒரு பக்கத் தடங்களிலும், மேற்கே போகும் வண்டிகள் மறுபக்கத் தடங்களிலும் நிற்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மேற்கு முனையில், கியோட்டோவுக்குக் கிளம்பும் வண்டி ஒசாகாவிலிருந்து உள்ளே வரும் வண்டியின் வழியைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். கிழக்கு முனையில், காஷிஹாராவுக்குக் கிளம்பும் வண்டி நாராவிலிருந்து வரும் வண்டியின் வழியை வெட்டும். இரண்டே இரண்டு வெட்டு. ஆனால் இந்த வெட்டு காலையிலிருந்து இரவு வரை ஓயாது. நீங்கள் மேலே நின்று பார்க்கும் பாயிண்ட் காடு, அதாவது வண்டியைத் தடம் மாற்றிவிடும் தண்டவாளக் கூட்டம், முழுக்க இதற்காகத்தான். பக்கத்தில் இருக்கும் பணிமனைக்கு வண்டி போய் வருவதும், சில வண்டிகளுக்குப் பெட்டி சேர்ப்பதும் பிரிப்பதும் தனி.

எதிர்ப் பாதை காலியாக இல்லாவிட்டால் இன்டர்லாக்கிங் என்ற பாதுகாப்புப் பூட்டு பாயிண்டைத் திருப்பவே விடாது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை. காத்திருப்பு மட்டும்தான்.

#4 கீழ்வானம்

கேபின்மேன் எழுதியது: «காத்திருப்பு மட்டும்தான்»

ஐயா, அந்தக் காத்திருப்பைத்தான் கேட்கிறேன். தொழில் தெரிந்த நீங்களே இப்படிச் சாதாரணமாகச் சொன்னால் எப்படி?

#5 கேபின்மேன்

சாதாரணமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அங்கே வண்டி நிற்பதில் பாதி, நின்றே ஆக வேண்டிய நிறுத்தம். ஒசாகாவிலிருந்து வருபவரில் ஒரு பகுதி காஷிஹாரா பக்கம் போகிறவர்கள். கியோட்டோவிலிருந்து வருபவரில் ஒரு பகுதி நாராவுக்குப் போகிறவர்கள். ஒரே தீவின் இரண்டு பக்கமும் இரண்டு வண்டிகளை நிறுத்தி, கதவைத் திறந்து, ஆட்களை நாலு எட்டில் மாறவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக விடுகிறார்கள். படி ஏற வேண்டாம், பாலம் கடக்க வேண்டாம்.

கால அட்டவணை போடுகிறவர் செய்யும் வேலை என்னவென்றால், மோதாத ஜோடிகளைப் பிடிப்பது. ஒசாகாவிலிருந்து நாராவுக்கு ஒன்று, நாராவிலிருந்து ஒசாகாவுக்கு ஒன்று: இந்த இரண்டும் ஒரே நேரத்தில் போகலாம், எங்கேயும் உரசாது. கியோட்டோவுக்கும் காஷிஹாராவுக்கும் இடையே இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் போகலாம், அதுவும் உரசாது. இந்த ஜோடியை விட்டு, அடுத்து அந்த ஜோடி. பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு இது வெறும் கூச்சலாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் தாளம் பிடிபடும்.

சிக்கல் எப்போது என்றால், எங்கோ ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகும்போது. கோபேயில் ஏற்பட்ட தாமதத்தை ஹான்ஷின் வண்டி சுமந்து வரும். கியோட்டோ சுரங்க ரயிலின் தாமதத்தை அங்கிருந்து நேராக ஓடி வரும் வண்டி கொண்டுவரும். இரண்டும் இங்கே வந்து கை குலுக்கும். அந்த நாளில் நீங்கள் போயிருந்தால் நிலையத்துக்கு வெளியே சிவப்பு சிக்னலில் நிற்பீர்கள்.

#6 ஓட்டுச்சில்லு

கேபின்மேன் ஐயா சொன்னது தண்டவாளத்தின் மேலே நடப்பது. மேம்பாலம் இல்லாததற்கான பதில் தண்டவாளத்துக்குக் கீழே இருக்கிறது. தொல்லியல் படிக்க வந்தவள் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஒசாகா மின்சார டிராம் நிறுவனம், அதாவது இந்தப் பாதைகளை நடத்தும் இன்றைய கின்டெட்சு கம்பெனியின் முன்னோடி, 1914 ஏப்ரல் 30 அன்று ஒசாகாவுக்கும் நாராவுக்கும் இடையே வண்டி விட்டது. நேர்வழி வேண்டும் என்று இகோமா மலையைக் குடைந்து 3,388 மீட்டர் சுரங்கம் போட்டார்கள். 1913 ஜனவரியில் அது இடிந்து சுமார் இருபது தொழிலாளர்கள் இறந்தார்கள். செலவு கம்பெனியின் கழுத்தை நெரித்தது. சம்பளம் கொடுக்கக்கூடப் பணமில்லாமல் இகோமா மலையில் இருக்கும் ஹோசான்ஜி கோவிலின் காணிக்கைப் பணத்தைக் கடன் வாங்கினார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் கதை.

அந்தப் பாதை சாய்தாய்ஜியைத் தாண்டியதும் வயல்வெளி வழியாக நாராவுக்குப் போனது. வயல் என்றுதான் பார்வைக்குத் தெரியும். ஆனால் 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகராக இருந்த ஹெய்ஜோவின் அரண்மனை அந்த வயலுக்கு அடியில்தான் கிடந்தது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சதுரம், கிழக்கே கொஞ்சம் நீட்டி. அன்றைக்குத் தெரிந்த அளவில் முக்கிய மண்டபத்தைத் தவிர்த்துப் பாதை போட்டார்கள். முழு எல்லை பின்னால்தான் தெளிவானது. இன்று நீங்கள் ரயிலில் போனால் தெற்குப் பக்கம் சுசாகுமோன் வாசல், வடக்குப் பக்கம் தாய்கோகுதென் மண்டபம். 1998இலும் 2010இலும் அவற்றைப் புதிதாகக் கட்டி எழுப்பினார்கள். நடுவில் நம் வண்டி. உலகப் பாரம்பரியச் சின்னத்துக்குள்ளே தினசரி புறநகர் ரயில் ஓடும் இடம் வேறு எங்கே கிடைக்கும்?

#7 பெட்டிக்கடை

இதைத்தான் எதிர்பார்த்துத் துண்டு போட்டேன். தொடருங்கள் சகோதரி.

#8 நாரா_வடக்கு

நான் நிலையத்துக்கு வடக்கே குடியிருக்கிறேன். வரலாற்றை மதிக்கிறேன். ஆனால் இழையில் ஒருவரும் லெவல் கிராசிங்கைப் பற்றிப் பேசவில்லையே.

ஜப்பானில் நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்கு 40 நிமிடமோ அதற்கு மேலோ மூடியிருக்கும் கேட்டுக்குத் திறக்காத கேட் என்றே பெயர். சாய்தாய்ஜியைச் சுற்றி இது பழைய பிரச்சினை. கேட்டில் இரண்டு அம்பு விளக்குகள் இருக்கும், வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காட்ட. இடது அம்பு அணையும். அப்பாடா என்று சைக்கிள் பெடலில் கால் வைப்பீர்கள். தடுப்புக் கம்பு அசையாது, ஏனென்றால் அதற்குள் வலது அம்பு எரிந்துவிட்டிருக்கும். கம்புக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடையில் வெங்காயத் தாளோடு பாட்டிகள், டெலிவரி வேன். யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள், அதுதான் ஜப்பான். ஆனால் ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருக்கும்.

கேபின்மேன் ஐயா சொன்ன தாளம் வண்டிக்குள் இருப்பவருக்கு. வெளியே நிற்பவருக்கு அந்த ஜோடியும் இந்த ஜோடியும் மாறி மாறி வருவதால்தான் கேட் திறப்பதில்லை.

#9 கேபின்மேன்

நியாயமான பேச்சு. மறுக்க மாட்டேன். ஆனால் மேம்பாலம் கட்டினால் கேட் பிரச்சினை தீராது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாதையை மட்டும் இன்னொன்றின் மேலே தூக்கிப் போட்டால் வெட்டு போகும், தரையில் மற்ற பாதை அப்படியே இருக்கும், கேட்டும் அப்படியே இருக்கும். கேட் போக வேண்டுமென்றால் நிலையத்தையே மேலே தூக்க வேண்டும். தூக்கினால் மேற்கே இரண்டு பாதை, கிழக்கே இரண்டு பாதை, நாலுக்கும் சரிவு வேண்டும். பணிமனைக்குள் இறங்கவும் ஒரு சரிவு. இத்தனையையும் வண்டிகளை ஒரு நாள்கூட நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

கிழக்குச் சரிவு எங்கே போய் இறங்கும்? கொஞ்ச தூரத்திலேயே அரண்மனை எல்லை வந்துவிடுகிறது. சுசாகுமோனுக்கு முன்னால் கான்கிரீட் தூண் வரிசையை யார் அனுமதிப்பார்கள்?

#10 கீழ்வானம்

அப்படியானால் சுரங்கமாக்கலாமே? நாரா நிலையமே தரைக்கு அடியில்தானே இருக்கிறது?

#11 ஓட்டுச்சில்லு

நாரா நகருக்குள் சாலையோடு சாலையாக ஓடிய கடைசிப் பகுதியை 1969இல் கீழே இறக்கினார்கள், உண்மை. ஆனால் அரண்மனைக்கு அடியில் அப்படிச் செய்ய முடியாது. காரணம் தண்ணீர்.

1961இல் அந்த மண்ணில் முதல் மொக்கான் கிடைத்தது. மொக்கான் என்றால் மையால் எழுதிய மெல்லிய மரப்பட்டிகள். வரியாக வந்த உப்பு எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த அலுவலர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்பது போன்ற அன்றாடக் கணக்குகள் அவற்றில் இருக்கும். 1,250 வருடம் மரம் மட்கவில்லை என்றால், நிலத்தடி நீரில் ஊறிக் காற்று படாமல் கிடந்ததுதான் காரணம். பக்கத்தில் பெரிய சுரங்கம் போட்டு நீர்மட்டம் இறங்கினால், இன்னும் தோண்டாத லட்சக்கணக்கான எழுத்துகள் யாரும் படிக்காமலே பொடியாகும். கெய்நாவா விரைவுச்சாலையை இந்தப் பக்கத்தில் சுரங்கமாகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோதும் இதே பேச்சுதான் எழுந்தது.

இந்த மண்ணைக் காப்பாற்றப் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். தானாதா காஜூரோ என்று நாராவில் ஒரு தோட்டக்காரர். படித்த அறிஞரோ பதவியில் இருந்தவரோ இல்லை. மாட்டுச் சாணம் கொட்டிக் கிடக்கும் இடமா பேரரசரின் மண்டபம் என்று மனம் பொறுக்காமல் சொந்தக் காசைப் போட்டு இயக்கம் நடத்தினார். 1921இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த வருடம் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுத் தலமானது. சுசாகுமோனுக்குப் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. மான் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

1960களின் தொடக்கத்தில் அரண்மனையின் மேற்குப் பகுதியில் ரயில் பணிமனை கட்டத் திட்டம் வந்தது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, கடைசியில் அரசே நிலத்தை வாங்கியது. இல்லையென்றால் இன்று அங்கே வண்டி கழுவிக்கொண்டிருப்பார்கள்.

#12 தூங்காநகரம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். முன்னாள் பிரதமர் அபே சுடப்பட்டது இந்த நிலையத்தின் வாசலில்தானே?

#13 நாரா_வடக்கு

ஆமாம். 2022 ஜூலை 8, வடக்கு வாசலுக்கு வெளியே, தேர்தல் பிரசாரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது. அப்போதே அந்த முன்புறத்தைத் திருத்தி அமைக்கும் வேலை திட்டத்தில் இருந்தது. நினைவுச் சின்னம் வேண்டுமா என்று பேச்சு வந்து, வேண்டாம் என்று நகர நிர்வாகம் முடிவு செய்து, போட்டிருந்த திட்டப்படியே சாலையை முடித்தார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் இன்றும் அந்த இடத்தைத் தேடிக் கேட்பார்கள்.

#14 நெறியாளர்

அரசியல் இதோடு போதும். ரயிலுக்குத் திரும்பலாம்.

#15 கீழ்வானம்

சரி. அப்படியானால் தீர்வே இல்லையா? ஏதோ பாதையையே நகர்த்தப் போகிறார்கள் என்று எங்கேயோ கண்ணில் பட்டது.

#16 நாரா_வடக்கு

2021இல் நாரா மாகாணம், நாரா நகரம், கின்டெட்சு மூன்றும் சேர்ந்து ஒரு உடன்பாடு செய்துகொண்டன. பாதையை அரண்மனைக்கு வெளியே தெற்கே ஓமியா சாலையை ஒட்டி நகர்த்துவது, சாய்தாய்ஜி நிலையத்தை மேலே தூக்குவது. முடியும் வருடம் 2060 என்றார்கள். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பேரன் சைக்கிள் ஓட்டிக் கேட்டைக் கடப்பான் என்று வேண்டுமானால் நம்பலாம். 2023இல் வந்த புதிய ஆளுநர், இவ்வளவு செலவு தேவையா என்று அதையும் மறுபடி கையில் எடுத்தார்.

என் கட்சி இதுதான்: அரண்மனைக்குள் ஓடும் பகுதியை அப்படியே விடுங்கள். அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நிலையத்தை ஒட்டிய கேட்டுகளுக்கு மட்டும் வழி பாருங்கள். நடப்பவருக்கு 2021இல் வந்த வடக்கு-தெற்கு நடைமேம்பாலப் பாதையே பெரிய உதவி. லிஃப்டில் ஏறிக் கடந்துவிடலாம். வண்டி வைத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

#17 ஓட்டுச்சில்லு

தொல்லியல் பக்கத்தில் இருந்தாலும் இதில் நாரா_வடக்கு அண்ணன் கட்சிதான் நான். பாதையைப் பெயர்த்தால் அரண்மனைப் பூங்கா அழகாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் புதுப் பாதை போகும் தெற்குப் பகுதியும் பழைய தலைநகரின் தெருக்கள்தான். எங்கே கடைக்கால் போட்டாலும் எட்டாம் நூற்றாண்டில்தான் போய் இடிக்கும். 1914இல் போட்ட மண்மேடு அடியில் இருப்பதை நூறு வருடமாகப் பொத்தி வைத்திருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

#18 கேபின்மேன்

ஒரு விஷயம் விட்டுப்போனது. இந்த முடிச்சை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. முதலில் 1914இல் ஒசாகா-நாரா. 1921இல் அதே கம்பெனி தெற்கே ஒரு கிளை விட்டது, அது பிறகு காஷிஹாரா வரை நீண்டது. 1928 நவம்பரில் வடக்கிலிருந்து நாரா மின்ரயில் என்ற வேறு ஒரு கம்பெனி வந்து முட்டியது. ஷோவா பேரரசரின் முடிசூட்டு விழா கியோட்டோவில் நடக்க இருந்ததால் அதற்குள் வண்டி விட வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். அந்த அவசரத்திலும் ஒரு சாதனை உண்டு: கியோட்டோவுக்குத் தெற்கே ஆற்றில் ராணுவம் பயிற்சி செய்கிறது, தூண் நடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், 164.6 மீட்டரை ஒரே தாண்டலில் கடக்கும் இரும்புப் பாலம் போட்டார்கள். இன்றும் உங்கள் கியோட்டோ வண்டி அதில்தான் வருகிறது. அந்தக் கம்பெனி 1963இல் கின்டெட்சுவோடு சேர்ந்தது.

ஆக ஒவ்வொருவரும் இருந்த பிளாட்பாரத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டார்கள். அன்று இரண்டு பெட்டி வண்டி, மணிக்குச் சில தடவை. இன்று பத்துப் பெட்டி. பாலம் போடுவதென்றால் 1928இல் போட்டிருக்க வேண்டும், சுற்றிலும் வயல் இருந்தபோது. இப்போது ஒரு பக்கம் பணிமனை, ஒரு பக்கம் பேரரசர்கள், நடுவில் குடியிருப்பு.

#19 கீழ்வானம்

காசும் இல்லை மனசும் இல்லை என்று நினைத்தேன், இடம்தான் இல்லை போலிருக்கிறது. அடுத்த மாதம் அம்மா அப்பா வருகிறார்கள். கியோட்டோவிலிருந்து நாராவுக்குப் பெரிய பெட்டிகளோடு போக வேண்டும். சாய்தாய்ஜியில் மாறலாமா, நேர் வண்டி தேடலாமா? யாராவது சொல்லுங்கள்.

#20 பெட்டிக்கடை

இதற்கு நான் வருகிறேன். வயதானவர்கள் என்றால் யோசிக்காமல் கின்டெட்சு சிறப்பு விரைவு வண்டி. சாதாரணக் கட்டணம் 760 யென், மேலே 520 யென் கொடுத்தால் இருக்கை உறுதி. சாய்தாய்ஜியில் மாறாமல் நாராவுக்கே போகும் வண்டியாகப் பார்த்து எடுங்கள், எல்லாமே அப்படி இல்லை. காஷிஹாரா பக்கம் போகிறதில் ஏறினால் சாய்தாய்ஜியில் இறங்க வேண்டும். சாதாரண விரைவு வண்டி என்றால் 760 மட்டும்தான், ஆனால் இருக்கைக்கு உத்தரவாதம் இல்லை, சாய்தாய்ஜியில் மாற வேண்டியும் வரலாம். மாறினாலும் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலேயே வண்டி நிற்கும். 2024 அக்டோபரிலிருந்து ஓடும் புது 8ஏ வண்டி வந்தால் அதிர்ஷ்டம், பெரிய பெட்டியும் குழந்தை வண்டியும் வைக்கத் தனி இடம் இருக்கிறது.

ஜேஆர் என்ற இன்னொரு ரயில் கம்பெனியின் வண்டியிலும் நாரா போகலாம், ஆனால் அந்த நிலையம் மான் பூங்காவிலிருந்து தள்ளி இருக்கிறது. கின்டெட்சு நாராவில் படி ஏறி வெளியே வந்தால் கொஞ்ச நடையில் மான் வந்து பையைக் கடிக்கும். அப்பா கையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தால் கவனம்.

#21 கேபின்மேன்

அப்பாவுக்கு ரயிலில் ஆசை இருந்தால் அவோனியோஷி வண்டிக்கு முன்பதிவு செய்து பாருங்கள். 2022 ஏப்ரலிலிருந்து ஓடுகிறது, ஊதா நிறம். ஒசாகா-நம்பாவிலிருந்து சாய்தாய்ஜி வழியாக நாரா போய், அங்கே திசை மாறி, மறுபடி சாய்தாய்ஜி வழியாகக் கியோட்டோ போகும். ஒரே பயணத்தில் ஜங்ஷனை இரண்டு முறை கடக்கலாம், அரண்மனையையும் இரண்டு முறை பார்க்கலாம். நாராவிலிருந்து கியோட்டோ போகும்போது சுசாகுமோன் இடப்பக்க ஜன்னலில் வரும்.

#22 தூங்காநகரம்

வசந்தத்தில் யோஷினோவில் செர்ரிப் பூ பார்க்கவும் இதே வழிதானே? கியோட்டோவில் ஏறினால் நேரே போய்விடலாமா?

#23 கேபின்மேன்

போக முடியாது. கியோட்டோவிலிருந்து சாய்தாய்ஜி வழியாகக் காஷிஹாரா-ஜிங்குமாயே வரை 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதை. அங்கிருந்து யோஷினோவுக்கு 1,067. சக்கர அகலத்தை மாற்றிக்கொண்டு இரண்டிலும் ஓடும் வண்டியைப் பற்றிக் கின்டெட்சு 2018இல் பேசியது, இன்னும் வரவில்லை. காஷிஹாரா-ஜிங்குமாயேயில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் பாதியில் போவதாக இருந்தால் யோஷினோ சிறப்பு விரைவு வண்டிக்கு முன்கூட்டியே இடம் போட்டுவிடுங்கள், அன்று போய்க் கேட்டால் கிடைக்காது.